தம்பியின் திறமை குறித்த தீர்மானம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் அந்தப் பெண்ணுக்குக் கார்ப் பந்தயம் பற்றித் தெரிந்தது மிகக் கொஞ்சம். தன் தம்பி அதில் ஓட்டுகிறான், அவன் ஓட்டும் நாட்களில் தனக்குச் சோறு இறங்குவதில்லை, இவ்வளவுதான். தம்பிக்கு இருபத்திரண்டு வயது. பெரிய பந்தயங்களில் இது அவனுக்கு முதல் வருடம். ஏழு பந்தயங்கள் முடிந்திருந்தன. ஒன்றில் எட்டாவதாக வந்தான், ஒன்றில் சுவரில் இடித்தான், மற்ற ஐந்தில் நடுவில் எங்கேயோ வந்தான். அவனுடைய காரின் பக்கவாட்டில் ஒரு மெத்தைக் கம்பெனியின் பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயர் அடுத்த வருடமும் அங்கே இருந்தால்தான் அவன் காருக்குள் இருக்க முடியும்.

அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றும், ஆனால் ஓட்டுநரின் திறமைக்கும் பொது மதிப்புக்கும் ரசிகர் பேரவை தரும் சான்றிதழை மாதக் கடைசிக்குள் இணைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. தம்பி அப்போது இரண்டு நாள் பயண தூரத்தில் அடுத்த பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். "நீ போய் வாங்கிடேன்க்கா, ஒரு கையெழுத்துதானே" என்று போனில் சொன்னான். அக்காவும் ஒரு கையெழுத்துதானே என்று நினைத்து, கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அகில வட்டார வேகப்பந்தய ரசிகர்கள் நலம் மற்றும் மதிப்பீட்டுப் பேரவை ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் இருந்தது. பெயர்ப் பலகை மாடியை விட நீளமாக இருந்ததால் கடைசி இரண்டு சொற்கள் பக்கத்துக் கட்டடத்தின் சுவரில் இருந்தன. உள்ளே ஒரு நீள மேஜை, ஒன்பது நாற்காலிகள், துணி போட்டு மூடிய ஒரு பெரிய டிவி. மேஜையில் ஒரு மணி. தலைவர் பேச ஆரம்பிக்கும்போது ஒரு தடவையும் முடிக்கும்போது ஒரு தடவையும் அதை அடிக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது அடியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

செயலாளர் ஒரு பல் டாக்டர். இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் வந்தவர், கழுத்தில் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார்.

"என் தம்பிக்கு ஒரு சான்றிதழ் வேணுங்க."

"எந்தத் தம்பி?"

அவள் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்றிருந்தான்.

"அவர் எங்க எல்லாருக்குமே தம்பிதாம்மா" என்றார் செயலாளர்.

கூடப் பிறந்த தம்பி என்று அவள் விளக்கினாள். அறையில் இருந்த எட்டுப் பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட பாசத்தைப் பேரவை வரவேற்கிறது என்றும், ஆனால் பாசத்தை விண்ணப்பத்தில் அதற்குரிய கட்டத்தில் மட்டுமே எழுத வேண்டும் என்றும் சொல்லி, செயலாளர் நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார். மேற்படி ஓட்டுநருக்கு எத்தனை காலமாக ரசிகர் என்று ஒரு கட்டம் கேட்டது. 'பிறந்ததிலிருந்து' என்று அவள் எழுதினாள். யார் பிறந்ததிலிருந்து என்று செயலாளர் கேட்டார். அவன் பிறந்ததிலிருந்து என்றாள். பேரவை அந்த ஓட்டுநரை அங்கீகரித்தே ஏழு மாதம்தான் ஆகிறது, அதற்கு முன்னால் ரசித்ததெல்லாம் அனுமதியில்லாமல் ரசித்ததாகிறது என்று சொல்லி, அவர் அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையில் சுழித்தார்.

பிறகு, சான்றிதழுக்கு முன்னால் நடக்கும் விசாரணைகளுக்கு அவள் வரலாம், உட்காரலாம், ஆனால் அவள் சொல்வது எதுவும் குறிப்பில் ஏறாது என்றார். ஏன் என்று கேட்டாள்.

"ரத்த சம்பந்தம் உள்ளவங்களுக்கு ஆளைத் தெரிஞ்சிருக்கும்மா. ஆளைத் தெரிஞ்சவங்களால நடுநிலையா இருக்க முடியாது. இங்க இருக்கிற ஒருத்தருக்கும் அவரைத் தெரியாது. அதுதான் இந்தப் பேரவையோட பலம்."

விசாரணை இரண்டு என்றார்கள். முதலில் திறமை, பிறகு பண்பு. பேரவையிலும் இரண்டு அணிகள் இருந்தன. ஒன்று தம்பிக்குத் திறமை உண்டு, நடத்தை சரியில்லை என்றது. மற்றொன்று நடத்தை தங்கம், திறமைதான் சந்தேகம் என்றது. இரண்டு அணியும் தாங்களே அவனுடைய உண்மையான ரசிகர்கள் என்பதில் உறுதியாக இருந்தன.

திறமை விசாரணையைத் தலைவரே நடத்தினார். அவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மணியை அடித்துவிட்டு, இருபத்தொன்பது வருடம் தராசுகளுக்கு முத்திரை குத்திய கை இது என்று கையை எல்லோருக்கும் காட்டினார். கண்ணால் பார்த்து 'நல்லா ஓட்டறான்' என்று சொல்வது பாமரன் வேலை, பாமரனுக்குப் பேரவை தேவையில்லை, பேரவைக்கும் பாமரன் தேவையில்லை என்றார். ஒரு ஓட்டுநரின் திறமையை அளக்க வேண்டுமானால் அதில் கலந்திருக்கும் மற்றதையெல்லாம் முதலில் கழித்துவிட வேண்டும் என்பது அவருடைய முறை.

எட்டாவதாக வந்த பந்தயத்தை எடுத்துக்கொண்டார்கள். முன்னால் போன மூன்று கார்கள் பழுதாகி நின்றன. அதைக் கழித்தால் பதினொன்றாம் இடம். நடுவில் மழை பெய்தது. மழை இயற்கையின் திறமை, அதற்கு நான்கு. டயரைத் தேர்ந்தெடுத்தவர் குழுவின் பொறியாளர், அதற்கு மூன்று. எஞ்சின் செய்தவருக்கு ஐந்து. ஒரு வளைவில் முன்னால் போனவன் வெளிப்பக்கமாக விலகிப் போய் வழிவிட்டான், அது அவனுடைய பெருந்தன்மை, அதற்கு நான்கு. எல்லாம் கழித்த பிறகு தம்பி அன்றைக்கு இருபத்தேழாவதாக வந்திருந்தான்.

பந்தயத்தில் ஓடியதே இருபத்திரண்டு கார்கள்தானே என்று ஒரு பூகோள ஆசிரியர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதைத்தாங்க இந்தப் பேரவை வெளியில கொண்டுவந்திருக்கு" என்றார் தலைவர். கைதட்டல் எழுந்தது.

துரதிர்ஷ்டத்தையும் அதே நியாயப்படி கழிக்க வேண்டும் என்று எதிரணி கேட்டது. தலைவர் நியாயஸ்தர், ஒத்துக்கொண்டார். சுவரில் இடித்த பந்தயத்தில் பிரேக் சூடேறியதைக் கழித்தார்கள், சுவர் அந்த இடத்தில் இருந்ததைக் கழித்தார்கள், தம்பி இரண்டாவதாக வந்தான். அக்காவால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு அவனுக்கு மணிக்கட்டு வீங்கி ஒரு வாரம் ஸ்பூன் கூடப் பிடிக்க முடியவில்லை என்றாள். அவள் சொன்னது குறிப்பில் ஏறவில்லை. ஆனாலும் ஓர் உறுப்பினர் மனம் இளகி, வீக்கத்தையும் கழித்துவிட்டால் முதலிடமே கொடுக்கலாம் என்று யோசனை சொன்னார். ஆக, பேரவையின் கணக்குப்படி தம்பி இதுவரை மிகச் சிறப்பாக ஓட்டியது, கார் நொறுங்கி ஸ்ட்ரெச்சரில் வந்த அந்தப் பந்தயத்தைத்தான்.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு 'ஓட்டுநருக்குத் திறமை இருக்கலாம்' என்று தீர்மானம் எழுதினார்கள். உடனே பூகோள ஆசிரியர் மறுபடி எழுந்தார். 'இருக்கலாம்' என்றால் ஒருவேளை இருக்கக்கூடும் என்று பொருளா, அல்லது இருந்துகொள்ளட்டும் என்று நாம் அனுமதி கொடுக்கிறோமா என்று கேட்டார். தலைவர், அனுமதி என்றே வைத்துக்கொண்டாலும் அது பேரவையின் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

பண்பு விசாரணை இரண்டு நாள் கழித்து நடந்தது. இதற்குச் செயலாளர் பொறுப்பு. மேஜை முழுக்கத் தம்பியின் படங்களைப் பரப்பி, கையில் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் வாயருகே தட்டிக் காட்டினார். எட்டாவதாக வந்த அன்று தம்பி சிரித்ததில் மேல்வரிசையில் பத்துப் பற்கள் தெரிந்தன. எட்டாவது இடத்துக்குப் பத்துப் பல் அதிகம், அது அகங்காரம். பதினான்காவதாக வந்த அன்று ஒரு பல்லும் தெரியவில்லை. அது ரசிகர்களை மதிக்காத போக்கு. வாயை மூடிக்கொண்டிருப்பதும் அடக்கம்தானே என்று எதிரணி கேட்டது. அடக்கமுள்ளவன் வாயை மூடினால் உதடு இப்படி இருக்காது என்று செயலாளர் வேறொரு படத்தை எடுத்து ஒப்பிட்டுக் காட்டினார். அது அவருடைய சொந்தப் படம்.

பிறகு பேட்டி. ஒரு பந்தயம் முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டதற்குத் தம்பி, 'கார் நல்லா இருந்துச்சு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். இந்த மூன்று சொற்களை ஒன்றரை மணி நேரம் ஆராய்ந்தார்கள். காரைப் புகழ்ந்ததால் பணிவு என்றது ஒரு தரப்பு. கார் நன்றாக இருந்தும் இந்த இடம்தானா என்று குழுவைக் குத்திக்காட்டுகிறான் என்றது மறுதரப்பு. காலையிலிருந்து சாப்பிடாமல் இருந்ததால் சீக்கிரம் போக நினைத்தான், தன்னிடமே சொன்னான் என்று அக்கா எழுந்து சொன்னாள். செயலாளர் அவளைக் கனிவோடு பார்த்தார்.

"அது உண்மையா இருக்கலாம்மா. ஆனா நாங்க இங்க உண்மையப் பத்திப் பேசல, தோற்றத்தப் பத்திப் பேசறோம்."

கடைசியில், ஓட்டுநர் இயல்பாக நடந்துகொள்வதற்கான வழிமுறைகள் என்று ஏழு எழுதி அவளிடம் கொடுத்தார்கள். சிரித்தால் ஆறு பல். கூட்டத்தைப் பார்த்துக் கை அசைக்கும்போது இடப்பக்கம் எத்தனை தடவையோ வலப்பக்கமும் அத்தனை தடவை. கேள்வி கேட்டால் இரண்டு விநாடி கழித்துப் பதில், அந்த இரண்டு விநாடியும் தரையைப் பார்க்க வேண்டும். இப்படியே போய், இவற்றை மனப்பாடம் செய்தது வெளியே தெரியக் கூடாது என்பதில் முடிந்தது. அடுத்த பந்தயத்தில் இவற்றைக் கடைப்பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் சான்றிதழ் குறித்து வாக்கெடுப்பு நடக்கும் என்றார்கள். ஞாயிறுதான் மாதக் கடைசி.

அன்று சாயங்காலம் அவள் தம்பிக்குப் போன் செய்து ஏழையும் படித்தாள். சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம்தான் கேட்டது. எழுதி முடித்துவிட்டு, "இடது பக்கம் மொத்தம் எத்தனைக்கா?" என்று கேட்டான். அவளுக்குப் பேரவை மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது. அதைச் சொல்லவும் முடியவில்லை. நாலு வெச்சுக்கோ என்றாள்.

சனிக்கிழமை, மறுநாள் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதை முடிவு செய்யும் ஓட்டம். தம்பியின் நேரம் ஒன்பதாவது வேகமானதாக இருந்தது. இந்த முதல் வருடத்தில் அவன் பிடித்த இடங்களில் அதுவே சிறந்தது. ஓட்டம் முடிந்து காரை மெதுவாகத் திருப்பிக் கொண்டுவரும்போது இடப்பக்கக் கூட்டத்துக்கு நான்கு தடவை கை அசைத்தான். வலப்பக்கம் திரும்பி அசைக்க ஆரம்பித்தான். கார் தடுப்புச் சுவரில் உரசி, முன்பக்கத்தில் இறக்கை போல நீட்டிக்கொண்டிருந்த தகடு கழன்று சாலையில் விழுந்தது. அதை மாற்றினால் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்பது பந்தய விதி.

"மூணு வரைக்கும் எண்ணிட்டேன்க்கா" என்றான் போனில்.

அவள் அன்று கடையில் ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவும் பந்தயமும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன. டிவி துணிக்குள்ளேயே இருந்தது. கொஞ்சம் போடலாமா என்று அவள் கேட்டாள். பந்தயத்தைப் பார்த்துக்கொண்டே பந்தய ஓட்டுநரைப் பற்றி முடிவெடுத்தால் அது பாதிப்புக்குள்ளான முடிவாகிவிடும், அதனால்தான் இந்த டிவியை வாங்கிய நாளிலிருந்து போட்டதில்லை என்று தலைவர் விளக்கினார். பிறகு மணியை அடித்தார்.

நடத்தை தங்கம் என்ற அணி அன்று உற்சாகமாக இருந்தது. தம்பி கை அசைத்திருக்கிறான், பேரவையின் வழிகாட்டலுக்கு இது முதல் வெற்றி என்று ஒருவர் உணர்ச்சிவசப்பட்டார். இடது நான்கு, வலது மூன்று, ஆகவே வலப்பக்க ரசிகர்கள் வஞ்சிக்கப்பட்டார்கள் என்றது எதிரணி. நான்காவது அசைவுக்கு நடுவில் சுவர் வந்துவிட்டதால் அதைக் கழிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. கழித்தல் தலைவரின் துறை என்பதால் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அக்கா எழுந்தாள். அனுமதி கேட்கவில்லை.

"நீங்க பேசிட்டிருங்க. அவன் இப்ப ஓட்டிட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். அவள் சொன்னதைக் குறிப்பில் ஏற்றுவதா என்று மேலே கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது.

கீழே பெயிண்ட் கடைக்காரர் சின்ன டிவியில் பந்தயத்தை ஓடவிட்டு, யாருக்கோ பச்சை கலந்துகொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்று பார்ப்பதைக் கண்டு, கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றைக் காலால் தள்ளினார். உட்கார்ந்தாள். எந்தக் காரைப் பார்க்கிறாள் என்று கேட்டார். கடைசியில் போகிறதே, அது தன் தம்பி என்றாள். கலக்கும் குச்சியை வைத்துவிட்டு இன்னொரு வாளியைக் கவிழ்த்து அவரும் உட்கார்ந்தார்.

முதல் பத்துச் சுற்றில் மூன்று பேரைத் தாண்டினான். அடுத்து ஒரு வளைவில் நான்கு கார்கள் ஒன்றோடொன்று இடித்துச் சிதற, புழுதிக்குள் போன அவனுடைய கார் புழுதியிலிருந்து முழுசாக வெளியே வந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவனுடைய ஹெல்மெட் லேசாக உள்பக்கம் சாய்வதைப் பார்த்தாள். மற்றவர்கள் பிரேக் போடும் இடத்தில் அவன் போடவில்லை, கொஞ்சம் தள்ளித்தான் போட்டான். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவளுடைய கால்தான் வாளியின் பக்கத்தை அழுத்தியது. பன்னிரண்டு, பத்து, ஒன்பது என்று கடைக்காரர் எண்ணிக்கொண்டே வந்தார். பெயிண்ட் வாங்க வந்தவர் அவசரப்படுத்தவில்லை, அவரும் நின்று பார்த்தார். கடைசிச் சுற்றில், உள்பக்கம் இடமே இல்லை என்று தோன்றிய ஒரு வளைவில் புகுந்து இரண்டு பேரை ஒரே மூச்சில் தாண்டினான். ஆறாவது.

கடைக்காரர் எழுந்து நின்று தலையை மட்டும் ஆட்டினார். பச்சை தோய்ந்த குச்சி எப்படித் தன் கைக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளங்கை முழுக்கப் பெயிண்ட்.

அந்தக் கையோடே மாடிக்குப் போய், கடைசியில் புறப்பட்டு ஆறாவதாக வந்துவிட்டான் என்று சொன்னாள். பெயிண்ட் கடையிலிருந்து வரும் தகவலைப் பேரவை ஏற்பதற்கு முன்மாதிரி இல்லை என்றார் தலைவர். செயலாளருக்கு மட்டும் ஆர்வத்தை அடக்க முடியவில்லை.

"சிரிச்சாரா?"

"ஹெல்மெட்டே கழட்டலைங்க" என்றாள்.

அப்படியானால் இன்று முடிவெடுப்பது சாத்தியமில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இரு அணிகளும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான். நால்வர் அடங்கிய துணைக்குழு அமைத்து, மூன்று மாதத்தில் அறிக்கை கேட்டு, திருப்தியோடு எழுந்தார்கள்.

திங்கட்கிழமை அவள் மெத்தைக் கம்பெனிக்குப் போனாள். கெஞ்சியாவது தவணை கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டே போனாள். விளம்பரப் பிரிவு மேலாளர் நாற்பது வயதுப் பெண்மணி. சான்றிதழ் கிடைக்கவில்லை, துணைக்குழு போட்டிருக்கிறார்கள் என்று இவள் ஆரம்பித்ததும், அந்த அம்மாள் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தார்.

"நாங்களாவாம்மா கேட்டோம்? அவங்கதான் எங்களுக்கு லெட்டர் போட்டாங்க, இந்தச் சான்றிதழ் இல்லாம எந்த ஓட்டுநரோடயும் ஒப்பந்தம் போடக் கூடாதுன்னு. கீழ மூணு சீல் குத்தியிருந்துச்சு. நாங்க ஏதோ கவர்மென்ட் டிபார்ட்மென்ட்னு நெனச்சுட்டோம்."

கடிதத்தை அவளிடம் நீட்டினார். மூன்று முத்திரைகளும் ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகாமல் ஒரே வரிசையில் இருந்தன. அப்படியானால் இவர்கள் யார் என்று மேலாளர் கேட்டார். ரசிகர்கள் என்றாள். உங்கள் தம்பிக்கா என்று கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள்.

"போர்டுல அப்படித்தாங்க போட்டிருக்கு."

மேலாளர் கோப்பை மூடினார். நேற்றுத் தன் வீட்டுக்காரர் கடைசி ஐந்து சுற்றையும் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தார் என்றும், ஆளைத் தூங்க வைக்கும் கம்பெனிக்கு இது பொருத்தமான விளம்பரமா என்று தெரியவில்லை என்றும், ஆனாலும் வியாழக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஒப்பந்தம் கையெழுத்தாகப்போகும் செய்தி பேரவைக்கு எட்டியதும் புதன்கிழமை அவசரக் கூட்டம் நடந்தது. சான்றிதழுக்குக் காத்திராதது தம்பியின் பொறுமையின்மையைக் காட்டுகிறது என்று ஓர் அணி கண்டனம் தெரிவித்தது. சான்றிதழ் இல்லாமலே வாங்கியது அவனுடைய திறமையைக் காட்டுகிறது என்றது மற்ற அணி. பேரவை இரண்டாக உடைந்தது. இரண்டாவது பேரவை எதிர்ச்சாரியில் தையல் கடைக்கு மேலே அறை பிடித்தது. துணி போட்டு மூடிய டிவியை யார் எடுத்துக்கொள்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.

வியாழக்கிழமை தம்பி வந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் கம்பெனி வாசலுக்கு வந்தார்கள். ஏழு மாதத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தான். வாசல் மரத்தடியில் நின்று, "எப்படிக்கா ஓட்டினேன்?" என்று கேட்டான்.

அது பிரேக் பற்றியா டயர் பற்றியா என்று அவளுக்குத் தெரியாது.

"எனக்கு பயமா இருந்துதுடா" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு சாலையைப் பார்த்தான். "எனக்குந்தான்க்கா" என்றான். வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை என்பது அவன் குரலிலேயே தெரிந்தது.

சாப்பாட்டு இடைவேளை முடிய இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. கடை ஊரின் மறுகோடியில். அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். நான் ஓட்டட்டுமா என்று கேட்டவனைப் பின்னால் உட்காரச் சொன்னாள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்து, எதிரே வந்த தள்ளுவண்டிக்கு ஒதுங்கி, சிக்னல் மஞ்சளாவதற்குள் திரும்பி, ஒரு கையால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே மறுகையால் ஹாரன் அடித்தாள். இரண்டாவது திருப்பத்தில் அவன் அவளுடைய தோளை இறுக்கிப் பிடித்தான். மூன்றாவதில், மெதுவாகப் போகும்படி கெஞ்சினான்.

கடை வாசலில் வண்டி நின்றபோது இரண்டு நிமிடம் மீதி இருந்தது. அவன் இறங்கி, வந்த தெருவைத் திரும்பிப் பார்த்தான்.

"இந்தத் தெருவுல ஓட்டற அளவுக்கு எனக்குத் திறமை இல்லக்கா" என்றான்.